ஈப்போ நகரின் டி.ஆர். சீனிவாசகம்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அரசாங்கம் என்பது நெடுங்காலம் இரண்டு மூன்று ஆட்களின் உருவில்தான் தெரிந்தது. லயத்துக் கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்வோம். தண்ணீர்க் குழாய் உடைந்தால் மண்டோரிடம் சொல்வோம். அவர்கள் துரையிடம் சொல்வார்கள். துரை மனம் வைத்தால் வேலை நடக்கும்; வைக்காவிட்டால் அடுத்த மழைக்கும் அதே இடத்தில் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தோட்டம் தனியார் நிலம். அதன் சாலை, சாக்கடை, விளக்கு, குடிநீர் எல்லாமே நிர்வாகத்தின் பொறுப்பு. அங்கே துரையை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓட்டுப் போட்டு இறக்கவும் முடியாது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. நம்மில் பாதிப்பேர் நகரத்து ஓரங்களுக்குப் பெயர்ந்துவிட்டோம். அங்கே சாக்கடை அடைத்துக்கொண்டால் கிராணி இல்லை. நாசி லெமாக் விற்க ஒரு மேசை போட்டால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். வீட்டுக்கு மதிப்பீட்டு வரி வருகிறது. எல்லாவற்றுக்கும் நகராண்மைக் கழகம் என்கிறார்கள். அந்தக் கழகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார், அவர்களை அங்கே உட்கார வைத்தவர்கள் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரிவதில்லை.

ஒரு காலத்தில் இந்த நாட்டு நகரங்களில் அந்தப் பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் காலத்தில் ஒரு நகரத்தையே தன் தொகுதியாகவும் தன் வீடாகவும் கொண்டு வாழ்ந்த ஒரு தமிழரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அவர் ஈப்போ வழக்கறிஞர் டி.ஆர். சீனிவாசகம்.

ஈப்போ நகரத்தைப் பற்றி முதலில் சிறிது சொல்லவேண்டும். அது ரப்பரால் வளர்ந்த ஊர் அன்று. ஈயத்தால் வளர்ந்த ஊர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்கள் சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கானோரை இழுத்து வந்தன. அதனால் ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் சீனர்களே பெரும்பான்மையினர். 1937-இல் பேராக்கின் தலைநகரம் தைப்பிங்கிலிருந்து இங்கே மாறிற்று. ஜப்பானியர் காலம் முடிந்து, 1948-இல் அவசரகாலம் பிறந்தது. காட்டோரங்களில் குடிசை போட்டிருந்தவர்களை லாரிகளில் ஏற்றி, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் இறக்கினார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அப்படிக் குடியமர்த்தப்பட்டனர். கிந்தாவில் அத்தகைய கிராமங்கள் மிகுதி. அதே காலத்தில் நம் லயங்களையும் முள்வேலி சூழ்ந்தது என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பகல் உணவை வெளியே கொண்டுபோகக்கூட அனுமதி இல்லாத நாட்கள் அவை.

அந்த ஈப்போவில் 1921-இல் பிறந்தவர் டி.ஆர். சீனிவாசகம். யாழ்ப்பாணத் தமிழர் வழிவந்த குடும்பம். லண்டனில் சட்டம் படித்துத் திரும்பி, அண்ணன் எஸ்.பி. சீனிவாசகத்தோடு சேர்ந்து ஈப்போவிலேயே வழக்கறிஞர் தொழில் நடத்தினார். ஊரார் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணன் 'எஸ்.பி.', தம்பி 'டி.ஆர்.' அவ்வளவுதான். குற்றவியல் வழக்குகளில் இருவருமே கெட்டிக்காரர்கள்.

அவசரகாலச் சட்டத்தின்கீழ் வழக்கறிஞர் தொழில் எத்தகையது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். 1952-இல் லீ மெங் என்ற இளம் சீனப்பெண் கையெறி குண்டு வைத்திருந்ததாக ஈப்போவில் குற்றம் சாட்டப்பட்டாள். அன்றைய சட்டப்படி அதற்குத் தண்டனை தூக்கு. ஜூரி கிடையாது. நீதிபதியின் பக்கத்தில் அசெசர் என்ற துணைநடுவர் இருவர் இருப்பார்கள். அவர்கள் கருத்துச் சொல்லலாம், ஆனால் நீதிபதி அதை ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லீ மெங்குக்காக வாதாடியவர் எஸ்.பி. சீனிவாசகம். முதல் விசாரணையில் துணைநடுவர் இருவரும் குற்றமில்லை என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாம் விசாரணையில் ஐரோப்பியத் துணைநடுவர் குற்றவாளி என்றார், ஆசியர் குற்றமில்லை என்றார். நீதிபதி ஐரோப்பியரோடு சேர்ந்து தூக்குத் தண்டனை விதித்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று தோற்றது. இறுதியில் 1953-இல் பேராக் சுல்தான் தண்டனையைக் குறைத்து அவள் உயிரைக் காத்தார். அவள் செய்தது சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஒரு உயிர் போகவேண்டுமா என்று முடிவு செய்யும்போது இந்த நாட்டு மனிதனின் சொல்லுக்கு எத்தனை எடை என்பதுதான் அன்று ஈப்போக்காரர்கள் கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணுக்காக எழுந்து நின்றவர் சீனர் அல்லர், தமிழர் என்பதும் பட்டது.

அதே 1953-இல்தான் சகோதரர்கள் பேராக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். பின்னர் அது மக்கள் முற்போக்குக் கட்சி என்று பெயர் மாறியது. டி.ஆர். அதன் முகமானார்.

தொடக்கம் ஒன்றும் பிரமாதமாக இல்லை. 1955-இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் பெரிக்காத்தான் என்று நம் பெற்றோர் அழைத்த கூட்டணி, 52 இடங்களில் 51-ஐ அள்ளிக்கொண்டது. எஞ்சிய ஒன்று இஸ்லாமியக் கட்சிக்குப் போயிற்று. முற்போக்குக் கட்சிக்கு ஒன்றும் இல்லை. ஆனால் 1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது ஈப்போ–மெங்லெம்பு தொகுதி உறுப்பினரான லியோங் யூ கோ மலாக்கா கவர்னராக நியமிக்கப்பட்டார். தொகுதி காலியாயிற்று. மெர்டேக்கா முழக்கம் அடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, நவம்பரில் இடைத்தேர்தல். சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி என்ற பெருமையோடு நின்ற கூட்டணியை டி.ஆர். தோற்கடித்தார். கூட்டணி அசைக்க முடியாதது என்று நினைத்திருந்தவர்களுக்கு அது முதல் அதிர்ச்சி.

பெரும்பான்மைச் சீனர் வாழும் தொகுதியில், சீனர் சங்கத்தை உள்ளடக்கிய கூட்டணியை எதிர்த்து, ஒரு தமிழர் எப்படி வென்றார்? வாக்காளர் இனம் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்று இன்றும் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்விக்குச் சற்று நின்று பதில் சொல்லவேண்டும்.

நாம் காணும் பதில் இதுதான். டி.ஆரும் அண்ணனும் அரசியலுக்கு வந்தபின் மக்களைத் தேடிப் போகவில்லை. அதற்கு முன்பே மக்கள் அவர்களைத் தேடி வந்திருந்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் மீ விற்றதற்காகத் தள்ளுவண்டியைப் பறிகொடுத்த அங்காடிக்காரர், தற்காலிக அனுமதி நிலத்தில் காய்கறி போட்டு, எந்த நேரம் கிளப்பிவிடுவார்களோ என்று அஞ்சிய புதுக்கிராமத்துக் குடியானவர், போலீஸ் பிடித்துக்கொண்டு போன மகனைப் பெற்ற தாய், இவர்களெல்லாம் ஏறிய படி வழக்கறிஞர் அலுவலகத்துப் படி. ஏழைகளிடம் அவர் காசு பார்க்கமாட்டார் என்பது ஈப்போவில் வழிவழியாகச் சொல்லப்படும் பேச்சு. ஓட்டுக் கேட்கும்போது மட்டும் கைகூப்புகிற ஆளுக்கும், கோர்ட்டில் பக்கத்தில் நின்ற ஆளுக்கும் உள்ள வேற்றுமை மனிதர்களுக்குத் தெரியும். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

சட்டமன்றத்தில் ஒரு குரலாக நின்றுவிடாமல், சகோதரர்கள் நகரசபையைப் பிடித்தார்கள். இதுதான் அவர்கள் அரசியலின் வேர் என்று நாம் கருதுகிறோம். 1950-களின் முடிவுக்குள் ஈப்போ நகரசபை முற்போக்குக் கட்சியின் கைக்கு வந்தது. 1962-இல் அது நகராண்மைக் கழகமாக உயர்ந்தபோதும் அவர்கள் கையிலேயே இருந்தது. பெரிய கட்சிகள் அமைச்சர் பதவிகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது இவர்கள் சாக்கடையையும், மார்க்கெட்டையும், தெருவிளக்கையும், அங்காடி லைசென்ஸையும் பார்த்தார்கள். அந்த நாளைய ஈப்போ எவ்வளவு துப்புரவாக இருந்தது என்று அந்நகரத்துப் பெரியவர்கள் இன்றும் பெருமை பேசுவதைக் கேட்கலாம். அந்தத் துப்புரவைக் கையால் செய்தவர்கள் யார் என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லவேண்டும். மலாயா நகரங்களில் தெருக் கூட்டியவர்கள், கால்வாய் வாரியவர்கள், விடியுமுன் மலவாளி சுமந்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. முனிசிபல் குடியிருப்பு என்றால் தமிழ்க் குடியிருப்பு என்றே பொருள் கொண்ட காலம் அது. நகரசபைத் தேர்தலில் யார் வருகிறார் என்பது அவர்களுக்கு அடுப்பு எரிகிற விஷயம்.

1959 பொதுத்தேர்தலில் முற்போக்குக் கட்சி நாடாளுமன்றத்தில் 4 இடங்களை வென்றது. நான்கும் கிந்தா பள்ளத்தாக்கில். ஈப்போவில் டி.ஆர்., மெங்லெம்பில் எஸ்.பி. 1964-இல் இந்தோனேசியாவுடன் 'கன்ஃபிரண்டேசி' மோதல் நடந்துகொண்டிருந்தபோது நாடே கூட்டணியின் பக்கம் சாய்ந்தது. அப்போதும் ஈப்போவும் மெங்லெம்பும் சகோதரர்களைக் கைவிடவில்லை.

நாடாளுமன்றத்தில் அவர் பேசிய பொருள்களில் ஒன்று நம் தோட்டத்து வீடுகளோடு நேராகத் தொடர்புடையது. அது குடியுரிமை. 1957 அரசமைப்புச் சட்டப்படி, ஆகஸ்டு 31-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்த குழந்தை தானாகவே குடிமகன். அதற்கு முந்திப் பிறந்தவர்களோ, இங்கேயே பிறந்திருந்தாலும், மனுப் போட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தவர்களுக்கு மலாய் மொழித் தேர்விலிருந்து விலக்கு இருந்தது. அந்த ஓராண்டு எத்தனை தோட்டங்களில் சத்தமில்லாமல் கழிந்துபோயிற்று! பிரட்டு முடிந்து மரத்துக்குப் போய், பால் நிறுத்து, லயத்துக்குத் திரும்பும் மனிதருக்குப் பாரம் எங்கே கிடைக்கும், யார் நிரப்பித் தருவார்? பிறப்புப் பத்திரம் எங்கே? பின்னாளில் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்த தாத்தா பாட்டிமாரை நாம் எல்லாரும் அறிவோம். இந்நாட்டில் பிறந்தவர் எந்த ஆண்டில் பிறந்தாலும் குடிமகனே என்று சட்டம் சொல்லவேண்டும் என்பது சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி விடாமல் கேட்ட கோரிக்கை. அது நிறைவேறவில்லை. மாறாக, 1962-இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, அதன் பின் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. டி.ஆர். அந்தத் திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர்.

சீனத்துக்கும் தமிழுக்கும் அரசாங்கத்தில் இடம் வேண்டும் என்பதும் அக்கட்சியின் கொள்கை. இதைச் சிலர் சீனர் ஓட்டுக்காகச் சொன்னது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் தமிழையும் சேர்த்துச் சொன்னால்தான் ஓட்டு வரும் என்ற நிலை கிந்தாவில் இருக்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தாலும் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. அவர் சேர்த்தே சொன்னார்.

இனி, டி.ஆர். பெயரை நாடெங்கும் தெரியச் செய்த நிகழ்ச்சிக்கு வருவோம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த எவருக்கும் ரஹ்மான் தாலிப் அறிக்கை என்ற பெயர் தெரிந்திருக்கும். 1960-இல் வந்த அந்த அறிக்கையைத்தான் 1961 கல்விச் சட்டம் அடியொற்றியது. தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளிகளைத் தக்க தருணத்தில் தேசியப் பள்ளிகளாக மாற்ற அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்த 21(2) என்ற பிரிவு அந்தச் சட்டத்தில் இருந்தது. தமிழ்ப்பள்ளிகளின் தலைமேல் 1996 வரை தொங்கிக்கொண்டிருந்த கத்தி அது. அறிக்கைக்குப் பெயர் தந்த அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப். 1964-இல் அவர் மீண்டும் கல்வி அமைச்சராக இருந்தபோது, அவர் ஊழல் செய்தார் என்று டி.ஆர். நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டினார்.

நாடாளுமன்றத்துக்குள் ஓர் உறுப்பினர் பேசும் பேச்சுக்காக அவர்மேல் மானநட்ட வழக்குப் போட முடியாது. அது அந்த மன்றத்தின் சிறப்புரிமை. மக்கள் பிரதிநிதி அச்சமின்றிப் பேசவேண்டும் என்பதற்காகக் கொடுத்த பாதுகாப்பு. ஆனால் வாசலைத் தாண்டி வெளியே வந்து அதே சொல்லைச் சொன்னால், அவரும் நம்மைப் போல ஒருவர்தான். சொன்னதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் சொத்தை விற்றுக் கட்டவேண்டியதுதான். லயத்துத் திண்ணையில் கிராணியைத் திட்டுவதற்கும், பிரட்டுக் களத்தில் எல்லார் முன்னிலையிலும் அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்வதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும் அல்லவா? அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துணிவிருந்தால் வெளியே வந்து சொல்லட்டும் என்று அறைகூவல் வந்தது. டி.ஆர். வெளியே வந்தார். பொதுக்கூட்டம் ஒன்றில் அதே குற்றச்சாட்டுகளைத் திரும்பச் சொன்னார். அமைச்சர் வழக்குத் தொடுத்தார். ஒரு பக்கம் ஆளும் கட்சி அமைச்சர். மறுபக்கம் நாடாளுமன்றத்தில் இரண்டே இடங்கள் வைத்திருந்த ஒரு கட்சியின் தலைவர். 1965-இல் உயர்நீதிமன்றம் அமைச்சரின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவருடைய மேல்முறையீடும் தோற்றது. அமைச்சர் பதவி விலகினார். பின்பு அவர் எகிப்துக்குத் தூதராக அனுப்பப்பட்டார் என்பது வேறு கதை. பதவியிலிருந்து விலகியவருக்கு மாலையும் விமான டிக்கெட்டும் கிடைப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று.

இந்த வழக்கில் நம் மனத்தைத் தொடுவது வெற்றி அன்று. சட்டம் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தது. அதன் பின்னாலேயே நின்றிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு வந்ததனால்தான் அவர் சொன்னது குற்றச்சாட்டு என்ற நிலையிலிருந்து நீதிமன்றம் சோதித்த உண்மை என்ற நிலைக்கு உயர்ந்தது.

அவரை ஒரேயடியாக உயர்த்திப் பேசுவதும் நம் நோக்கம் அன்று. அவருடைய கட்சி கிந்தா பள்ளத்தாக்கைத் தாண்டி வேரூன்றவில்லை. அண்ணன் தம்பி இருவரின் தோளிலேயே அது நின்றது. மூன்றாவதாக அதே உயரத்துக்கு ஓர் ஆளை அவர்கள் வளர்க்கவில்லை. தோட்டத் தொழிலாளியின் சம்பளம், லயம், ஆயக் கொட்டகை இவையெல்லாம் அவர் களமாகவும் இல்லை. ஈப்போவுக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ள சுங்கை சிப்புட் தொகுதியில் துன் வீ.தி. சம்பந்தன் நின்று வென்றார். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்கியவர் அவர். சம்பளப் பேச்சுக்குத் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் இருந்தது. ஆகவே நம்மவரில் பெரும்பாலோர் ம.இ.கா.வையும் சங்கத்தையும் சார்ந்து நின்றதில் வியப்பில்லை. ஒரே மாநிலத்தில், ஒரு மணி நேரப் பயணத்துக்குள், ஒரு தமிழர் ஆளும் கூட்டணியில் அமைச்சர், இன்னொரு தமிழர் அதே கூட்டணியின் உறக்கத்தைக் கெடுத்தவர். இருவரில் எவர் பெரியவர் என்று தேநீர்க் கடையில் வாதாடியவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. நமக்கு அந்த வாதம் வேண்டாம். ஒருவர் செய்த வேலையை மற்றவர் செய்திருக்க முடியாது.

இப்போது நகரசபைக்குத் திரும்புவோம். ஏனெனில் டி.ஆர். வாழ்ந்த நாளிலேயே அவர் அரசியலின் வேரில் வெட்டு விழுந்தது.

இந்த நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் சுதந்திரத்துக்கு முன்பே வந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் 1951-இலும், கோலாலம்பூரில் 1952-இலும் மக்கள் நகரசபைக்கு ஓட்டுப் போட்டார்கள். நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுவதற்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முந்தியே! ஜார்ஜ்டவுன் மாநகரத்துக்கு டி.எஸ். இராமநாதன் என்ற தமிழர் மேயராக இருந்தார். நகரங்களில் எதிர்க்கட்சிகள் வலுவாக இருந்தன. 1965 மார்ச் 1-ஆம் நாள், இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி, உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நிலைமை சீரானதும் திரும்ப நடக்கும் என்றுதான் சொல்லப்பட்டது. மோதல் 1966-இல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை.

இடையில் உள்ளாட்சி மன்றங்களைப் பற்றி ஆராய ஒரு அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவரும் ஒரு தமிழரே: செனட்டர் ஆதி நாகப்பன். ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டு, 1968-இல் அந்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. ஆளும் கூட்டணியைச் சேர்ந்த ஆதி நாகப்பனும், அதை எதிர்த்த சீனிவாசகமும் ஒரே கருத்தில் நின்ற இடம் இது ஒன்றே என்று சொல்லலாம்போலும்.

1969 மார்ச் 15-ஆம் நாள் டி.ஆர். சீனிவாசகம் மாரடைப்பால் காலமானார். ஐம்பது வயது நிறையவில்லை. மணம் செய்துகொள்ளாத மனிதர். அவருக்குப் பின்னால் நடந்து வந்த கூட்டத்தைப் போல ஈப்போ அதற்கு முன் கண்டதில்லை என்பார்கள். சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் கலந்து நின்ற கூட்டம்.

இரண்டு மாதத்தில் பொதுத்தேர்தல். எஸ்.பி. தலைமையில் கட்சி நாடாளுமன்றத்தில் 4 இடங்களையும், பேராக் சட்டமன்றத்தில் 12 இடங்களையும் வென்றது. 40 இடங்கள் கொண்ட பேராக் சட்டமன்றத்தில் கூட்டணிக்கு 19-தான். எதிர்க்கட்சிகள் எல்லாம் கூடினால் மாநில ஆட்சியே மாறும் என்ற நிலை. அதற்குள் மே 13 கலவரம் வந்து, நாடாளுமன்றமும் முடங்கிற்று. அடுத்து நடந்ததை டி.ஆர். இருந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் ஊகிக்க விரும்பவில்லை. 1972-இல் எஸ்.பி. கூட்டணியோடு சேர்ந்து பேராக்கில் கூட்டாட்சி அமைத்தார். பின்பு கட்சி தேசிய முன்னணியில் உறுப்பானது. 1974 தேர்தலில் கிந்தா மக்கள் அதற்குக் கொடுத்த பதில் கடுமையானது. மெங்லெம்பில் எஸ்.பி.யே தோற்றார். மறு ஆண்டு அவரும் காலமானார்.

அண்ணன்மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. கலவரத்துக்குப் பிந்திய அச்சத்தில், எதிர்க்கட்சியாகவே இருந்து என்ன செய்ய முடியும் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் மக்கள் அவர்களிடம் கண்டது பதவி பலத்தை அன்று. பக்கத்தில் நின்ற தன்மையைத்தான் கண்டார்கள். அது விலகியதாகத் தோன்றியதும் ஓட்டும் விலகிற்று.

1976-இல் உள்ளாட்சிச் சட்டம் நிறைவேறியது. நிறுத்தி வைக்கப்பட்ட தேர்தல் அத்தோடு எடுக்கப்பட்டே போயிற்று. அந்தச் சட்டப்படி மன்றத் தலைவரையும், 8-க்குக் குறையாமலும் 24-க்கு மேற்படாமலும் உறுப்பினர்களையும் மாநில அரசாங்கமே நியமிக்கிறது. பிற்காலத்தில் பினாங்கு மாநில அரசாங்கம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர முயன்று, 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. ஈப்போ 1988-இல் மாநகரமாயிற்று. அதற்கு மேயர் உண்டு. ஆனால் அவரை ஊரார் தேர்ந்தெடுத்ததில்லை. டி.ஆர். சீனிவாசகத்தின் பெயரைத் தாங்கிய பூங்கா ஒன்று அங்கே இருக்கிறது. முன்பு அதற்கு முடிசூட்டுப் பூங்கா என்று பெயர். ஈப்போவுக்குப் போகும் நேயர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பெயர்ப்பலகையைப் படித்துக் காட்டலாம். பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், இவர் யார் என்று.

ஒரு செய்தியை மட்டும் சொல்லி முடிப்போம். நியமன உறுப்பினர்கள்தானே, நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. அதே 1976 சட்டத்தில், உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்திலேயே குடியிருப்பவராக இருக்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. மன்றத்தின் கூட்டங்கள், மூடிய கூட்டம் என்று தனியே தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்களும் பத்திரிகையாளரும் வந்து பார்க்கத் திறந்தவை என்றும் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்து நகராண்மைக் கழக எல்லைக்குள் வீடு வாங்கியவர்கள், தங்கள் வட்டாரத்துக்குரிய உறுப்பினர் யார், அவர் எங்கே குடியிருக்கிறார், அடுத்த முழுமன்றக் கூட்டம் என்றைக்கு என்ற மூன்றையும் கழக அலுவலக முகப்பில் கேட்டு எழுதிக்கொள்ளலாம். படித்த பிள்ளை ஒன்றைக் கூட அழைத்துச் செல்லுங்கள். மதிப்பீட்டு வரி ரசீதையும் கையோடு கொண்டுபோங்கள்.